பந்தியில் உட்கார்ந்த சொற்கள்

ஆனைமலைக்குக் கிழக்கே, வாய்க்கால் மேட்டைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் இருக்கும் குமாரசாமியின் வீட்டுக்கு முதல் ஆங்கிலச் சொல் ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு வந்து சேர்ந்தது. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தது. சொம்புத் தண்ணீரை வாங்கி அண்ணாந்து குடித்தது. காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றது. அன்றைக்குத் தேங்காய் விலை ஏறுமுகமாக இருந்தது, மழை இல்லை. வந்தது, குடித்தது என்று எழுதக் கை கூசுகிறது. வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் 'ங்க' போட்டுப் பேசுகிற சீமை இது. ஆகவே இனி அவர் என்றே சொல்லிவிடலாம். அவர் பெயர் அபாண்டன். கைவிடுவது என்று பொருள். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தவர், "தோப்பு நல்லாருக்குதுங்க. வெள்ளை ஈ வந்துதுங்களா?" என்று விசாரித்தார்.

அவரை அழைத்தது மேக்னா, குமாரசாமியின் ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. மலைமேல் உள்ள ஒரு விடுதிப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர அவள் நுழைவுத் தேர்வு எழுத இருந்தாள். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இடித்தது ஆங்கிலம்தான். ஒரு சொல்லைக் கொடுத்து, அதே பொருள் தரும் இன்னொரு சொல்லைக் கேட்கும் கேள்விகள் பக்கம் பக்கமாக வரும் என்றார்கள். வடவள்ளியில் இருக்கும் அத்தை பூங்கொடி ஒரு தடிமனான கைடு வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். அதன் முதல் பக்கத்து முதல் சொல்லை மேக்னா வாசற்படியில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். இரண்டாம் முறை படிப்பதற்குள் அவர் தென்னை வரிசைக்கு நடுவே நடந்து வந்துகொண்டிருந்தார்.

வந்தவர் யார் என்பது குமாரசாமிக்குப் பெரிதாகப் படவில்லை. ஒருவர் வந்தாரே என்பதுதான் அவருக்கு ஆச்சரியம். மனைவி வசந்தாமணி இருந்தவரை அந்த வீட்டில் அடுப்பு அணைந்ததில்லை. கல்யாணத்துக்கு அழைக்க வருபவர்கள், காது குத்துக்குப் போய்த் திரும்புபவர்கள், சும்மா அந்த வழியாகப் போனவர்கள் என்று ஒரம்பரை மாறி ஒரம்பரை இருக்கும். விருந்துக்கு வரும் சொந்தத்துக்கு இங்கே அதுதான் பெயர். அவள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு ஒருவரும் வரவில்லை. பகை ஒன்றும் இல்லை, எல்லாம் மரியாதைதான். "பொம்பள இல்லாத ஊட்டுக்குப் போனா அவரு எந்திரிச்சு அடுப்புப் பத்த வெக்கோணும். பாவம், எதுக்குங்க அவருக்குத் தொந்தரவு" என்று ஒருவர் சொன்னார். அதையே எல்லோரும் சொன்னார்கள். அழைப்பிதழ்களைக்கூடப் பால்காரரிடம் கொடுத்தனுப்பினார்கள். நாகரிகம் தெரிந்த சனங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு மனிதனைத் தனியாக்கிவிட்டார்கள். எனக்குத் தொந்தரவு கொடுங்கள் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல முடியுமா? அமாவாசைக்கு மாசாணியம்மன் கோயிலுக்குப் போகும் கார் ஏதாவது வழி தவறித் தோப்புக்குள் நுழையும். வழி சொல்லும் சாக்கில் அவர்களை நிறுத்தி இளநீர் வெட்டிக் கொடுப்பார். மற்ற நாளெல்லாம் அப்பனும் மகளும்தான். சமையல் அவருக்கு நன்றாகவே வந்தது. சாப்பிடத்தான் ஆள் இல்லை.

மறுநாள் அபாண்டனின் பங்காளிகள் வந்தார்கள். ஃபர்சேக் என்று ஒருவர், டெஸர்ட் என்று ஒருவர். மூவருக்கும் ஒரே சாடை, ஒரே பொருள், ஆனாலும் ஒரே கட்டிலில் உட்கார மாட்டார்கள். பங்காளிகள் என்றால் அப்படித்தானே என்று குமாரசாமி தனித்தனி நாற்காலி போட்டார். தனித்தனியாகப் பெயர் சொல்லி "வாங்க" என்றார். பத்துப் பேருக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு "வாங்க" சொல்லிவிட்டு, அதனாலேயே பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்களை அவருக்குத் தெரியும். கார்த்திகை பிறப்பதற்குள் வாசல் நிறைந்துவிட்டது. துணிச்சல் என்று பொருள்படும் பிரேவும் வேலியண்டும் தோப்பு நாயைக் கண்டு வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். பிரம்மாண்டமான ஹியூஜ் குடும்பத்தார் நிலைப்படியில் நுழைய முடியாமல் களத்தில் பந்தல் போட்டுத் தங்கினார்கள். எளிதில் உடையக்கூடிய ஃபிராஜில் அம்மாளைத் தலையணைகளுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். சோம்பலைக் குறிக்கும் லேஸி வந்த அன்றைக்குப் படுத்தவர் பொங்கலுக்குத்தான் எழுந்தார். வந்த இடத்துப் பேச்சு எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. போர்வெல் ஆழத்தைப் பற்றியும், யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசினார்கள். கிளம்பும்போது ஒவ்வொருவரிடமும் குமாரசாமி "போயிட்டு வாங்க" என்றார். சொற்களாயிற்றே, சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். போனார்கள், வந்தார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் எடுக்க வரும் நிஜாம் பாய், வாசல் முழுக்கக் கிடந்த செருப்புகளைப் பார்த்து, "ஒரம்பரைங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, பாப்பா படிக்குது" என்றார் குமாரசாமி. நிஜாம் தலையாட்டிவிட்டுக் காய் எண்ணப் போனார்.

மேக்னா நன்றாகப் பழகிக்கொண்ட சொல்லுக்கு ஒரு கடமை இருந்தது. அவள் எங்கிருந்து கூப்பிட்டாலும் போய் நிற்க வேண்டும். ஆனைமலைப் பள்ளியில் அவள் பரீட்சை எழுதுகிறபோது, இங்கே கட்டிலில் பேசிக்கொண்டிருந்தவர் பாதிப் பேச்சில் "பாப்பா கூப்புடுதுங்க, ஒரு நிமிசம்" என்று மறைவார். அவள் எழுதி முடித்ததும் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். இலையில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் இது நடக்காது. பந்தியில் பாதியில் எழுந்தால் சோறு போட்டவருக்கு அவமானம், அந்த மரியாதை சொற்களுக்கும் தெரியும். ஒருமுறை வாரத் தேர்வில் எவ்வளவு யோசித்தும் மேக்னாவுக்கு ஏன்சியண்ட் வரவே இல்லை. பழமை என்று பொருள்படும் அந்தப் பெரியவர் அப்போது இங்கே ரசத்துக்குக் காத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பையைக் கழற்றும்போதே, "அவரு சாப்புட்டுட்டு இருந்தாருங்களாப்பா?" என்று கேட்டாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப காலமாகியிருந்தது.

அந்தச் சிரிப்பின் சூட்டிலேயே அவர், மலைப் பள்ளிக்கு அவ்வளவு ஆசை எதற்கு என்று கேட்டார். அத்தை சொல்லித்தான் படிக்கிறாள் என்றே அதுவரை நினைத்திருந்தார். "அங்க ஒரு ரூம்ல எட்டுப் பேரு படுப்பாங்களாம்ப்பா. லைட்ட நிறுத்துனதுக்கப்பறமும் பேசீட்டே இருப்பாங்களாம்" என்றாள் மேக்னா. திருவிழாவைச் சொல்வதுபோல் சொன்னாள். "அப்படீங்களா கண்ணு" என்றார் அவர். வந்திருந்த இத்தனை சொற்களில் அவள் வயதுக்கு ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எல்லோரும் பெரியவர்கள், எல்லோரும் அவரோடு பேசவே உட்கார்ந்தவர்கள். அவள் கைடும் கையுமாக வாசற்படியில் தனியாகத்தான் இருந்திருக்கிறாள்.

தேர்வில் தேறினால் அவள் போய்விடுவாள், சொற்களும் அவளோடு போய்விடுவார்கள். தேறாவிட்டால் இந்தத் தோப்பில் அவரோடு இருப்பாள். இதில் குமாரசாமிக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல அப்பனாகத்தான் பதில் சொல்லியிருப்பார்.

தேர்வு தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூரில் நடந்தது. முந்தின நாளே பூங்கொடி காரில் வந்து மேக்னாவை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். ஞாயிறு பொழுது விடிந்ததும் வாசலில் சொற்கள் எல்லோரும் நின்றார்கள். குளித்து, சலவை வேட்டி கட்டி, பெண்கள் தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தார்கள். லேஸிகூட வந்திருந்தார். "பாப்பா பரிச்சைக்குக் கெளம்பறமுங்க. பொறவு அதுகூடவே மலைக்குப் போயிருவமாட்ட இருக்குது. அதான் உங்ககிட்டச் சொல்லீட்டுப் போலாம்னு வந்தமுங்க" என்றார் அபாண்டன்.

குமாரசாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "வெறும் வயித்தோட அனுப்புவாங்களா? ஒரு வாய் உண்டுபோட்டுப் போலாமுங்க" என்றார்.

"பத்து மணிக்குப் பரிச்சைங்க."

"அதுக்குள்ள ஆயிருமுங்க."

இப்படி ஒருவர் வாசலில் நின்று அழைத்தால் மறுக்கிறவர்கள் இந்தச் சீமையில் கிடையாது. எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். இட்லி ஊற்றியிருக்கலாம். உப்புமா கிண்டியிருக்கலாம். அவர் சந்தகைக்கு அரிசி ஊறப் போட்டார். அரிசி ஊற வேண்டும், ஆட்ட வேண்டும், வேக வைக்க வேண்டும், சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டு நூல் நூலாகப் பிழிய வேண்டும், தேங்காய்ப் பால் எடுக்க வேண்டும். அவசரத்துக்கு ஆகாத பலகாரம் என்று ஒன்று உண்டென்றால் அது சந்தகைதான். தெரியாமல் செய்துவிட்டார் பாவம் என்று எழுதிவிட்டுப் போக ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்குத் தெரியும். சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பிழிந்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மணியைப் பார்ப்பதும், பார்த்ததை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று கூச்சப்படுவதுமாக இருந்தார்கள்.

பத்து மணிக்குச் சற்று முன்னால் இலை போட்டார். ஹியூஜ் குடும்பத்துக்குக் களத்தில் வாழை மரத்தையே சாய்த்து இலை போட வேண்டியிருந்தது. சந்தகை வைத்து, தேங்காய்ப் பால் ஊற்றி, உருக்கிய நெய்யை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இலையாக நின்று நிதானமாகப் பரிமாறினார். வீடு நிறையப் பேர் அவர் சமையலைச் சாப்பிட்டார்கள். சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதலில் ஃபிராஜில் அம்மாளின் கை இலைக்கு மேலே அப்படியே நின்றது. கோயம்புத்தூரில் மேக்னா கூப்பிடுகிறாள். எழ முடியாமல் அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து வேலியண்டின் கை நின்றது. அடுத்து ஏன்சியண்டின் கை. வரிசையாக ஒவ்வொரு கையும் நின்றுகொண்டே வந்தது. யாரும் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் சோறு போட்டவரின் மனம் நோகும். அபாண்டனின் கண்ணில் தண்ணீர் நின்றது.

குமாரசாமி நெய்க் கரண்டியோடு பந்திக்கு நடுவில் நின்றார். எங்கோ ஒரு பெரிய கூடத்தில், முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு நடுவே, தன் மகள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவதும் யாரும் வராததும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கூப்பிட ஆசைப்பட்டு, ஒருவரும் வராத வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்தச் சீமையிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதைத்தான் இப்போது பெற்ற மகளுக்குச் செய்துகொண்டிருந்தார்.

"எந்திரிங்க" என்றார். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. "எல்லாரும் எந்திரிங்க. கையக் கழுவ வேண்டாம். போங்க. சீக்கிரம் போங்க!"

பந்தியில் உட்கார்ந்தவர்களை எழுப்பிவிட்ட மனிதர் ஆனைமலைச் சுற்றுவட்டாரத்தில் அதற்கு முன்னால் கிடையாது. பிற்பாடும் கேள்விப்படவில்லை. சொற்கள் திகைத்துப்போய் எழுந்தார்கள். எச்சில் கையோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வாசலைத் தாண்டி மறைந்தார்கள். பதற்றத்தில் அவர் "போயிட்டு வாங்க" என்று சொல்லவில்லை, "போங்க" என்று மட்டுமே சொல்லியிருந்தார். தென்னை வரிசையில் கடைசி ஆளும் மறைந்த பிறகுதான் அது அவருக்கு நினைவு வந்தது. பாதி சாப்பிட்ட இலைகளை அவரே எடுத்தார். ஒரு இலையும் மடிக்கப்பட்டிருக்கவில்லை.

மத்தியானம் அத்தையின் போனிலிருந்து மேக்னா பேசினாள். நன்றாக எழுதியிருக்கிறாளாம். ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லையாம், அழுகை வந்துவிட்டதாம், பிறகு எல்லோரும் ஒரேயடியாக ஓடி வந்தார்களாம். விடைத்தாளில் இரண்டு இடத்தில் நெய் பட்டுவிட்டது, பரவாயில்லை என்று மேடம் சொல்லிவிட்டார்கள் என்றாள்.

"அப்பா, சந்தகை செஞ்சீங்களா?"

"ஆமாங் கண்ணு."

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது அவருக்கும் புரிந்தது. ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தார்.

"எனக்குக் கொஞ்சம் எடுத்து வெய்ங்கப்பா" என்றாள் மேக்னா. போனை வைத்துவிட்டு அவர் அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்.

அவள் தேறிவிட்டாள். கோடை விடுமுறை முடிந்ததும் தகரப்பெட்டியும் கம்பளியுமாக அவரே மலைக்குக் கொண்டுபோய் விட்டார். அறையில் எட்டுக் கட்டில்கள் இருந்தன. சாய்ப்ரியா என்ற ஒரு குட்டிப் பெண் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்து இழுத்துப்போய்த் தன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். "போயிட்டு வாங்கப்பா" என்றாள் மேக்னா. கண் கலங்கியிருந்தது, ஆனால் காது சாய்ப்ரியா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அது போதும் என்று அவர் பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு அந்த வாசலில் யாருடைய செருப்பும் கிடக்கவில்லை. தேங்காய் விலை உச்சத்துக்குப் போய் இறங்கியது. ஆடிக் காற்றில் மட்டை விழுந்து சமையலறை ஓடு உடைந்தது. விடுதியில் ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் பேச விடுவார்கள். அதில் பாதி "சாப்புட்டீங்களா" என்பதிலேயே கரைந்துவிடும். மற்ற நாட்களில் குமாரசாமி தோப்பு நாயிடம் பேசினார். கை மறந்து இரண்டு டம்ளர் காபி போட்டுவிட்டு, ஒன்றைக் குடித்து, இன்னொன்றையும் தானே குடித்தார். தன்னந்தனியாக இருந்தார். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

கோபித்துக்கொண்டு போன சொந்தத்தைத் திரும்ப அழைக்க இந்தப் பக்கத்தில் ஒரே வழிதான். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலுக்கே போய், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். சொற்களின் வீடு மேக்னா அலமாரியில் விட்டுப்போன கைடுதான். புரட்டாசியில் ஒரு நாள் அவர் குளித்து, வேட்டி மாற்றி, கைடின் முதல் பக்கத்தைத் திறந்து அதன் முன்னால் தட்டை வைத்தார். பத்தாம் வகுப்பைத் தமிழில் படித்தவர், அதற்குப் பிறகு ஆங்கில எழுத்தைப் பஸ் பலகையில் பார்த்ததோடு சரி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். அவர் கூப்பிட்டது எவர் பெயரைப் போலவும் இல்லை, எவரும் வரவில்லை. வாடிய வெற்றிலையை எடுத்துப் போட்டுவிட்டு மறுநாள் புதிதாக வைத்தார். ஐப்பசி மழை பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தது. அவர் சாயங்காலம் தவறாமல் அந்த வாசலில் போய் நின்றார்.

ஒரு புதன்கிழமை நாலரை மணிக்கு அபாண்டன் வந்தார். நனைந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். குமாரசாமி சொம்புத் தண்ணீரைக் கொடுத்தார். "அன்னிக்குப் பந்தியில..." என்று ஆரம்பித்தார்.

"காபிக்குச் சர்க்கரை வேண்டாமுங்க" என்றார் அபாண்டன்.

பாதி காபியில் அவர் தலையைத் தூக்கி, "பாப்பா கூப்புடுதுங்க" என்று மறைந்துபோனார். குமாரசாமிக்குத் திக்கென்றது. பிள்ளை எதற்காகக் கைவிடுவது என்ற சொல்லைப் போய்க் கூப்பிடுகிறாள்? யாரைச் சொல்கிறாள்? டம்ளரை ஒரு தட்டால் மூடி வைத்துவிட்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். அபாண்டன் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து தட்டை எடுத்தார். "கப்பல் பாடமுங்க. பொயல் அடிக்குது, எல்லாரும் கப்பலை உட்டுப்போட்டுப் போறாங்க. பாப்பா சிரிச்சுட்டுத்தானுங்க எழுதுச்சு. பக்கத்துல அந்தச் சாய்ப்ரியாப் புள்ள நோட்ட எட்டி எட்டிப் பாத்துட்டு இருக்குது." குமாரசாமி காபியைச் சூடு பண்ணிக் கொடுத்தார். கிளம்பும்போது வாசல் வரை கூடவே வந்து, "போயிட்டு வாங்க" என்று ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னார்.

மற்றவர்களையும் அப்படித்தான் ஒவ்வொருவராக வாசலுக்குப் போய் அழைத்தார். ஒரு பெயர் நாக்குக்குப் பழக வாரக் கணக்காகும். வருபவர்கள் மலையிலிருந்து சேதி கொண்டுவந்தார்கள்: பாப்பாவுக்குச் சளி, பாப்பா ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவது, லைட்டை நிறுத்திய பிறகும் எட்டுப் பேரும் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பேச்சு நடுவில் ஒருவர் மறைந்தால், இந்த நிமிடம் மகள் எந்தச் சொல்லை நினைக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். டம்ளரை மூடி வைப்பார்.

மாசி மாதத்தில் நிஜாம் பாய் காய் எடுக்க வந்தபோது வாசலில் செருப்புகள் கிடந்தன, நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன, திட்டில் தட்டுப் போட்டு மூடிய டம்ளர்கள் வரிசையாக இருந்தன. குமாரசாமி மட்டும் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரம்பரைங்களா? ஒருத்தரையும் காணமுங்களே" என்றார் நிஜாம்.

"பரிச்சையாட்ட இருக்குதுங்க. பாப்பா எல்லாத்தையும் கூப்புட்டுருச்சு. வந்துருவாங்க."

நிஜாம் தலையாட்டிவிட்டுக் காய் எண்ணப் போனார்.